செயலாளர் பெட்டியில் இடம் இருக்கிறது, மெயில் ஏன் திரும்புகிறது?

மொரீஷியஸ், கத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் கோவில் சங்கத்துக்கு, பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் மொத்தம் 10 ஜிபி. வெப்சைட்டும் அதில்தான், ஆறு மெயில் பெட்டிகளும் அதில்தான். செயலாளர் பெட்டிக்கு 1 ஜிபி கொடுத்தோம், பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் காவடி நெருங்கும் நேரம் பார்த்து அவருக்கு வரும் மெயில்கள் திரும்பிப் போகின்றன. 2 ஜிபி ஆக்கியும் பயனில்லை. ஹோஸ்டிங் கம்பெனி பெரிய பிளான் வாங்கச் சொல்கிறது. வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். செயலாளர் பெட்டியை நோண்டுவதையும் விடுங்கள், அது பாவம், அதன்மேல் குற்றமே இல்லை.

கோட்டா, அதாவது இட வரம்பு, என்பது ஒன்றல்ல, இரண்டு. பெட்டிக்குப் பெட்டி நீங்கள் வைத்த அளவு ஒன்று, அத்தனை பெட்டிகளும் வெப்சைட்டும் பேக்கப்பும் சேர்ந்து தின்னும் அந்த 10 ஜிபி இன்னொன்று. பெரிய பானை நிரம்பிவிட்டால் சின்னக் கிண்ணத்தில் இடம் இருந்து என்ன பிரயோஜனம்? எது நிரம்பியது என்று திரும்பிப் போன மெயிலே சொல்லும், அனுப்பியவரிடம் அதை அப்படியே வாங்கிப் படியுங்கள். 'மெயில்பாக்ஸ் ஃபுல்' என்றோ 552 என்ற எண்ணோடு 'கோட்டா எக்சீடட்' என்றோ இருந்தால் பெரும்பாலும் அந்தப் பெட்டி. 'டிஸ்க் கோட்டா எக்சீடட்' என்றால் மொத்தக் கணக்கு. உங்களுடையது இரண்டாவதுதான் என்பேன்.

அப்படியானால் தின்றது யார்? நான் முதலில் பார்ப்பது மெயிலே அல்ல. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபேனல் பக்கத்தில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் எப்போதோ யாரோ எடுத்த முழு பேக்கப் ஒன்று, இரண்டு ஜிபிக்குக் குறையாமல், வெளியிலேயே கிடக்கும். அதைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு அழியுங்கள். அடுத்து, 'அன்லிமிடெட்' என்று விட்ட பெட்டி ஏதாவது இருக்கிறதா பாருங்கள், அநேகமாக 'இன்ஃபோ'தான். தவறான முகவரிக்கு வரும் எல்லா மெயிலையும் அதில் கொட்டும்படி யாராவது வைத்திருந்தால் வருஷக்கணக்கில் ஸ்பாம் சேர்ந்திருக்கும், திறந்து பார்க்க ஆள் இருக்காது. சீபேனலில் டிஃபால்ட் அட்ரஸ் என்ற இடத்தில், அப்படி வருவதைப் பிழைச் செய்தியோடு மறுக்கும்படி மாற்றிவிடுங்கள்.

பிறகு போட்டோ. காவடி நேரத்தில் மட்டும் ஏன் வெடிக்கிறது என்பதற்குப் பதில் இங்கேதான். அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுகிறது, மூன்று பைட் நான்காகிறது. 15 எம்பி படங்கள் 20 எம்பிக்கு மேல் ஆகும். அதைச் சங்கத்தின் ஒரு பெட்டியிலிருந்து மற்ற ஐந்துக்கும் அனுப்பினால், ஐந்து பிரதிகள், அனுப்பியவரின் சென்ட் ஃபோல்டரில் இன்னொன்று, ஆக 120 எம்பி. ஒருவர் 'அருமை' என்று எழுதி எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்தால் இன்னும் ஒரு 120. ஒரே சர்வர்தானே, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங்கில் பெட்டிக்கு ஒரு பிரதி தனித்தனியாகத்தான் இருக்கும். படங்களை டிரைவில் போட்டு லிங்கை அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? முதலில் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் புரோகிராமில் ஐமேப் வழியாக (மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) பெட்டியைச் சேர்த்து, வேண்டிய பழைய மெயில்களை, கம்ப்யூட்டரிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டருக்கு இழுத்து வையுங்கள். பிறகுதான் சீபேனலின் ஈமெயில் டிஸ்க் யூசேஜுக்குப் போய், எந்தப் பெட்டியில் எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று பார்த்து, ஒரு வருஷத்துக்கு முந்தையதை அழிக்க வேண்டும். அங்கே அழித்தால் ட்ராஷுக்குப் போகாது, போனது போனதுதான். வெப்மெயிலில் இன்னொரு தொல்லை: இடம் முழுக்க நிரம்பியிருக்கும்போது டெலீட் அழுத்தினாலும் அழியாமல் அடம் பிடிக்கலாம். ட்ராஷுக்கு நகர்த்தவும் கொஞ்சம் இடம் வேண்டுமே. ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலில் ஷிஃப்டோடு சேர்த்து டெலீட் அழுத்தினால் நேராக அழியும். ட்ராஷையும் ஜங்க்கையும் காலி செய்ய மறக்காதீர்கள், இரண்டும் கோட்டாவில் சேர்த்திதான்.

இடம் கிடைத்ததும், அனுப்பியவர் சர்வரில் காத்திருக்கும் மெயில்கள் தானே வந்து சேரும், சர்வர்கள் சில நாட்கள் விடாமல் முயலும். ஏற்கெனவே திரும்பிப் போனவை வராது, அவற்றை மறுபடி அனுப்பச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் அளவுகள். எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது எனக்குப் பிடிக்காது, வேலையைப் பார்த்துக் கொடுங்கள்: செயலாளர், பொருளாளர் தலா 2 ஜிபி, தமிழ் வகுப்புப் பெட்டிக்கு 1, 'இன்ஃபோ'வுக்கு அரை, மீதி இரண்டுக்கும் கால் கால். மொத்தம் 6. வெப்சைட்டுக்கு 2 போனாலும் 2 ஜிபி சும்மா கிடக்கட்டும், திருவிழா மாதத்தில் அதுதான் கைகொடுக்கும். அன்லிமிடெட் எந்தப் பெட்டிக்கும் வேண்டாம். இடம் குறைகிறது என்று சர்வர் அனுப்பும் எச்சரிக்கை யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள், பதவி விட்டுப் போன பழைய செயலாளரின் முகவரியாக இருக்கலாம்.

தமிழ் வகுப்புப் பெட்டியில் பிள்ளைகளின் சேர்க்கைப் படிவங்கள், பெற்றோர் போன் நம்பர்கள் எல்லாம் இருக்குமே, அவற்றை இடத்துக்காக மட்டும் அழிக்கச் சொல்லவில்லை. மொரீஷியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த பின் ஆட்களின் விவரங்களை வைத்திருக்கக் கூடாது. தண்டர்பேர்டில் இறக்கிய பிரதிக்கும் இதேதான்.

இவ்வளவு செய்தும் ஆறு மாதத்தில் மறுபடி 8 ஜிபியைத் தொட்டால் அப்போது காசு கொடுங்கள். அதுவும் இதே ஹோஸ்டிங்கில் பெரிய பிளானுக்கு அல்ல, மெயிலை வெப்சைட்டிலிருந்து பிரித்துத் தனி மெயில் சேவைக்கு மாற்றுவதற்கு.