பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? கேள்வி பதில்

ஆபீஸ்களில் சில வருஷம் ஓடிவிட்டு வெளியே வரும் டெல், எச்பி, லெனோவா டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கியவர்கள் அடுத்துத் தேடுவது கிராபிக்ஸ் கார்டு. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கு போடவில்லை.

ஈரோடு: அண்ணா, என்னிடம் பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 இருக்கிறது. சின்ன கேபினெட், ஐ5-3470 ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 240 வாட்ஸ் பவர் சப்ளை. ஜிடிஏ 5 விளையாட வேண்டும். கடைக்காரர் ஜிடி 730 கார்டு, 4 ஜிபி போதும் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த 4 ஜிபி வெறும் ஆசை காட்டும் எண். கார்டு எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்பதைவிட அது எந்த வகை மெமரி என்பதுதான் முக்கியம். 2014இல் வந்த ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 96 கோர் (சிப்பில் கணக்குப் போடும் அலகு) உள்ளதும் விற்றது, 384 கோர் உள்ளதும் விற்றது. 4 ஜிபி என்று போட்டு விற்பவை பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3 மெமரி உள்ளவை. அந்தச் சின்ன சிப்புக்கு 4 ஜிபியை நிரப்பி வேலை செய்கிற தெம்பே கிடையாது.

ஜிடி 1030 வாங்கினாலும் இதே பள்ளம் காத்திருக்கிறது. 2017இல் வந்தது கிராபிக்ஸுக்கென்றே செய்த வேகமான ஜிடிடிஆர்5 மெமரியோடு, நொடிக்கு 48 ஜிபி வேகம். அடுத்த வருஷமே அதே பெயரில் டிடிஆர்4 வைத்து ஒன்றை இறக்கினார்கள், அதன் வேகம் 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். பெட்டியின் முன்பக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். சேர்த்து வைத்த காசில் வாங்கும் பையன்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இப்போது உங்கள் மிஷினுக்கு வருவோம். கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ் கொடுக்கும். உங்கள் ப்ராசஸர் 77 வாட்ஸ். போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் 40 வாட்ஸ் வைத்தாலும் 200ஐத் தாண்டவில்லை. ஆகவே தனி பவர் கேபிள் கேட்காத எந்தக் கார்டையும் 240 வாட்ஸ் தாங்கும். இடைஞ்சல் இடத்தில்தான். கேபினெட்டைத் திறந்து நீள ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பவர் சப்ளை ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு ஸ்லாட் தடிமன் உள்ள கார்டு உட்காராது. லோ ப்ரொஃபைல், அதாவது குட்டை உயர ஜிடிஎக்ஸ் 1650 நல்ல கார்டுதான், ஆனால் பொதுவாக இரண்டு ஸ்லாட் தடிமனில் வருவதால் அங்கேயே அடிபட்டுப்போகும்.

நான் சொல்வது என்விடியா டி600 (T600). ஒற்றை ஸ்லாட், குட்டை உயரம், 40 வாட்ஸ், 4 ஜிபி ஜிடிடிஆர்6. வொர்க்‌ஸ்டேஷன் கார்டு என்று பயப்பட வேண்டாம், கேமும் ஓடும். 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 பதிப்பு பரிந்துரைத்ததே ஜிடிஎக்ஸ் 660தான். அதற்கு இது தாராளம். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் டி1000 (T1000) எடுங்கள், 50 வாட்ஸ். இரண்டிலும் மினி டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான் இருக்கும், மாற்றும் கேபிளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

திண்டுக்கல்: சார், ஐ3-4130. அப்பா யூடியூப் பார்க்கத்தான். 1080பி போட்டால் திணறுகிறது. ஜிடி 710 போடலாமா?

போட்டும் பயனில்லை. யூடியூப் பெரும்பாலும் விபி9 வடிவத்தில் வீடியோ அனுப்புகிறது. அதைப் பிரிக்கும் வசதி ஜிடி 710இல் கிடையாது. வேலை மறுபடியும் ப்ராசஸர் தலையில்தான் விழும்.

முதலில் காசு செலவில்லாத வழி: பிரவுசரில், பழைய மிஷினும் எளிதாகப் பிரிக்கும் எச்264 வடிவத்தையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போடுங்கள். அப்புறம் ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று செருகுங்கள். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பயன்படுத்துகிறது. டிடிஆர்3 1600இல் ஒற்றைக் குச்சி என்றால் நொடிக்கு 12.8 ஜிபி வேகம், ஜோடி என்றால் 25.6. அதற்கும் சரிவரவில்லையென்றால் மட்டும் ஜிடிடிஆர்5 உள்ள ஜிடி 1030. அது விபி9ஐத் தானே பார்த்துக்கொள்ளும்.

சேலம்: ஆர்எக்ஸ் 570 கார்டு மலிவாகக் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளில் இருந்து பவர் எடுக்கும் அடாப்டர் போட்டுக்கொள்ளலாமா?

கண்டிப்பாகக் கூடாது. சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட்ஸ். அந்தக் கார்டு முழு வேகத்தில் 150 வாட்ஸ் பக்கம் கேட்கும். முனை உருகும், தீப்பிடிக்கவும் கூடும். பவர் சப்ளையை மாற்றலாமே என்றால், பல கம்பெனி மிஷின்களில் போர்டு முனையே வேறு: ஆப்டிபிளெக்ஸ் 9020இல் 8 பின், வழக்கமான 24 பின் அல்ல. வாங்கும் முன் திறந்து பாருங்கள்.

தாம்பரம்: ஐ5-2400 மிஷின். ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்ஸ்தானே, பொருந்துமா?

பொருந்தும், ஆனால் வீண். அந்தக் கார்டுக்கு நான்கே லேன் (தரவு போகும் தடம்). கார்டு ஸ்லாட் பிசிஐஇ 4.0 தலைமுறையாக உள்ள போர்டில் நொடிக்கு சுமார் 8 ஜிபி போகும் பாதை, உங்கள் 2.0 போர்டில் 2 ஜிபி. மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். இன்டெல் ஆர்க் ஏ380யும் வேண்டாம். கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் எட்டும் ரீசைசபிள் பார் வசதியை அது நம்பியிருக்கிறது, உங்கள் போர்டில் அது இல்லை. பழைய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 16 லேனில் ஓடும், அதையே தேடுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த வரிசைக்குப் புதிய கேம் டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் 2028 அக்டோபர் வரை வரும்.

மதுரை: செகண்ட் ஹேண்ட் 1050 டிஐ ஒன்று ஆன்லைனில் ரொம்ப மலிவு. விஜிஏ போர்ட்டும் இருக்கிறது. நம்பலாமா?

அந்த விஜிஏ போர்ட்டே சந்தேகப்பட வைக்கிறது. விஜிஏ என்பது அனலாக் வெளியீடு, 1050 டிஐ சிப்பில் அது கிடையாது. பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை (உள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி இந்தப் பெயரில் விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் இப்படிப்பட்ட போலிகள் பலவற்றுக்குப் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்றே போட்டுவிடும். கோர் எண்ணிக்கை 768 இருக்கிறதா என்றும் பாருங்கள். திருப்பி எடுக்க மாட்டேன் என்கிற ஆளிடம் வாங்காதீர்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணா, கார்ட் போட்ட பிறகு திரையில் ஒன்றும் வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது.

மானிட்டர் கேபிள் இன்னும் போர்டில் செருகியிருக்கிறதா பாருங்கள், பலருக்கும் அதுதான். இல்லையென்றால் கார்டைக் கழற்றி, உள் கிராபிக்ஸில் ஓட்டி, உங்கள் கம்ப்யூட்டர் மாடலுக்கான கடைசி போர்டு பயாஸைப் போடுங்கள். பழைய பயாஸ் சில புதிய கார்டுகளை அடையாளம் காணாது. அப்டேட் நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

கரூர்: லோ ப்ரொஃபைல் கார்டு வந்தது, ஆனால் பின்பக்கத் தகடு நீளமாக இருக்கிறது. உள்ளே போகவில்லை.

பெட்டியில் குட்டைத் தகடு ஒன்று தனியாக இருக்கும், ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கார்டு வாங்கும்போது அதைத் தொலைத்துவிட்டுத்தான் விற்பார்கள். காசு கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். அந்தத் தகடு தனியாகக் கிடைப்பது பெரும்பாடு.