ரத்தம் எங்கே போகிறது?

கேள்வி: வயது 38. போடியிலிருந்து தினமும் ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஆறு மாதமாக ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன். பரிசோதனையில் ரத்தம் 8.2 என்றார்கள். பீட்ரூட், பேரீச்சம்பழம் சாப்பிட்டும் ஏறவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, பச்சரிசி தின்பதை மறைக்காமல் எழுதினீர்களே, அது பெரிய உதவி. பலர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. அரிசி, சிலேட்டுக்குச்சி, செங்கல் தூள் என்று நாக்கு தேடுவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். கெட்ட பழக்கம் என்று நினைத்துக் குமைய வேண்டாம். இரும்பு ஏறினால் அந்த ஆசை அடங்கிவிடும்.

ரத்தம் 8.2 என்று சொன்னது ஹீமோகுளோபின் அளவைத்தான்; ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது அதுதான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 8-க்குக் கீழே போனால் கடுமையானது. நீங்கள் அதன் விளிம்பில் இருக்கிறீர்கள். பிராணவாயுவைச் சுமக்கும் ஆள் குறைந்துவிட்டதால், இருப்பதை வைத்துச் சமாளிக்க இதயம் வேகமாக ஓடுகிறது. படபடப்பு அதனால்தான்.

பீட்ரூட்டின் சிவப்பு ரத்தமாக மாறாது. ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்காமல் எதைச் சாப்பிட்டும் பயனில்லை. நான் முதலில் கேட்பது மாதவிடாயைப் பற்றித்தான். எத்தனை நாள்? கட்டி கட்டியாகப் போகிறதா? "எல்லாருக்கும் அப்படித்தானே டாக்டர்" என்பார்கள். இல்லை அம்மா. ஏழு நாளைத் தாண்டுவதும், மணிக்கொரு தரம் துணி மாற்றுவதும் எல்லாருக்கும் இல்லை. அப்படியிருந்தால் கர்ப்பப்பை ஸ்கேன் அவசியம்.

அடுத்து உங்கள் பாதம். ஏலச்செடி நிழலில் மண் எப்போதும் ஈரம். வழுக்குகிறதென்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குபவர்கள் உண்டு. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாக உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் ரத்தம் குடிக்கும். மலத்தைப் பரிசோதித்து, டாக்டர் சொன்னால் புழு மாத்திரை போடுங்கள். மூலத்தில் ரத்தம் போனாலும் மறைக்காதீர்கள்.

அப்புறம், தூக்குவாளிச் சோற்றோடு கட்டன் சாயா குடிக்கிறீர்களா? தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வாரத்தில் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்), கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. கை கால் மரத்து, நாக்கு எரிந்தால் பி12 குறைவாக இருக்கலாம். சிறுவயதிலிருந்தே, குடும்பத்திலும் பலருக்கு இருந்தால் பரம்பரையாக வரும் ரத்த நோய்களான தலசீமியாவோ அரிவாள் அணு ரத்தசோகையோ என்று பார்க்க வேண்டும். வயநாடு, அட்டப்பாடி, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பின்னது அதிகம். இந்த நோய்கள் உள்ளவர்களுக்கு இரும்பைக் கண்டபடி கொடுக்கக் கூடாது. அதனால் முழு ரத்தப் பரிசோதனையும், உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

இரும்புக் குறைவுதான் என்று உறுதியானால் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். டீ, பாலோடு போடாதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயம் வேண்டாம். வயிறு புரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் வேலை செய்யும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். 12-ஐத் தொட்டபின்பும் மூன்று மாதம் தொடருங்கள், கையிருப்பு நிரம்ப வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, கால் வீங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் ஏறும்வரை மேட்டில் மூட்டை சுமக்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.