கேஸுக்கு எந்த வக்கீல பாக்குறது? வேலூர் கோர்ட் குமாஸ்தாகிட்ட கேள்வி பதில்

மொதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, வக்கீல் குமாஸ்தா. சத்துவாச்சாரி கோர்ட் காம்ப்ளெக்ஸ்ல வகாலத்து (எங்களுக்காக இவர் வாதாடுவாருன்னு வக்கீலுக்கு கையெழுத்து போட்டு குடுக்குற பேப்பர்) எழுதுறதுல இருந்து காப்பி அப்ளிகேஷன் போடறது வரைக்கும் பாத்துக்கினு காலம் தள்ளினவன். கேள்வி நெறைய வந்துருக்குது. "நல்ல வக்கீல் பேர் ஒன்னு சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டவங்க கோச்சிக்காதீங்க, பேர் சொல்ல மாட்டேன், எப்படி தேடறதுன்னு சொல்றேன்.

கேள்வி (குடியாத்தம்): அண்ணா, எங்க நைனா உயில் எதுவும் எழுதாம போய்ட்டாரு. அண்ணனுங்க ரெண்டு பேரும் நெலத்துல உனக்கு பங்கு இல்லன்றாங்க. வேலூர் போய் பெரிய வக்கீலா பாக்கணுமா, இங்கயே போதுமான்னு வீட்ல ஒரே சண்டை.

பதில்: நெலம் எந்த கோர்ட் எல்லையில இருக்குதோ பாகப்பிரிவினை கேஸ் அங்கதான்மா ஓடும். குடியாத்தம் பக்கத்து நெலம்னா மதிப்ப பொறுத்து முன்சீப் கோர்ட்டோ சப் கோர்ட்டோ, எல்லாம் அங்கயே. வேலூர்ல பெரியவர வெச்சீங்கன்னா வாய்தாவுக்கு வாய்தா ஜூனியர்தான் பஸ் ஏறி வருவாரு, "சீனியர் வேற கோர்ட்ல இருக்காரு, டைம் வேணுங்கய்யா"ன்னுட்டு போய்டுவாரு, உங்களுக்கு ஒரு மாசம் அவுட்.

ஒரு நாள் காலைல பத்தரைக்கு போய் கோர்ட் ஹால்ல பின்னாடி பெஞ்சுல உக்காருங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, செல்போன மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. கேஸ் கூப்பிடறப்போ யார் எழுந்து நிக்கறாங்க, யாருக்காக ஜூனியர் வந்து பாஸ் ஓவர் (கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடுங்கன்னு) கேக்குறாரு, குறுக்கு விசாரணைல கேஸ் கட்ட பொரட்டிக்கினு நிக்காம பத்திர நம்பரையும் தேதியையும் யார் டக்குனு சொல்றாங்கன்னு பாருங்க. மத்தியானத்துக்குள்ள ரெண்டு மூணு பேர் கண்ணுல படுவாங்க. அப்புறம் பத்திரம், பட்டா, வில்லங்கம், இறப்பு சான்று, வாரிசு சான்று எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக்கினு போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், கோர்ட் ஃபீஸ் 37(1)ல கட்டணுமா, 37(2)லயா?" கோர்ட் ஃபீஸ் சட்டத்துல பாகப்பிரிவினைக்கான பிரிவு அது. கூட்டு அனுபவத்துல நீங்களும் இருக்கீங்கன்னா 37(2), ஒரு குறிப்பிட்ட தொகையோட முடிஞ்சுடும். உங்கள வெளிய தள்ளிட்டாங்கன்னா 37(1), உங்க பங்கோட மார்க்கெட் மதிப்புக்கு கட்டணும், அது பெரிய காசு. விஷயம் தெரிஞ்சவர் ஒடனே பதில் சொல்ல மாட்டாரு, "நெலத்த யாரும்மா உழுறாங்க, குத்தகை காசு யாருக்கு போவுது"ன்னு திருப்பி கேப்பாரு. அவர்தான் ஆளு. பேப்பர பிரிக்காமலே "கவலைய விடுங்க, ஜெயிச்சுடலாம்"னு சொல்றவர் ரூம்ல இருந்து எழுந்து வந்துடுங்க.

கேள்வி (ஆம்பூர்): ஷூ அப்பர் ஜாப் ஒர்க் பண்றேன் சார். மெட்ராஸ் பார்ட்டி குடுத்த செக் ரிட்டர்ன் ஆயிடுச்சு, அடுத்த வாரம் தரேன் அடுத்த வாரம் தரேன்னு இழுக்குறான். எங்க வீட்டு நெலத்து கேஸ் பாத்த வக்கீல்கிட்டயே குடுக்கலாமா?

பதில்: வக்கீல் யாருன்றது அப்புறம், பேங்க் குடுத்த ரிட்டர்ன் மெமோல தேதி என்னன்னு மொதல்ல பாருங்க தம்பி. அது உங்க கைக்கு வந்ததுல இருந்து 30 நாளைக்குள்ள நோட்டீஸ் போயாகணும், நோட்டீஸ் கெடச்சு 15 நாள் அவனுக்கு டைம், அதுலயும் தரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள 138ல (செக் ரிட்டர்னுக்கான சட்டப் பிரிவு) கம்ப்ளெயின்ட். "அடுத்த வாரம்"னு அவன் இழுக்குறதே இந்த 30 நாள தாண்ட வெக்கத்தான். தாண்டியே போச்சுன்னாலும் செக் தேதில இருந்து 3 மாசம் முடியலன்னா மறுபடி பேங்க்ல போட்டு, ரிட்டர்ன் ஆனா அந்த மெமோவ வெச்சு புதுசா ஆரம்பிக்கலாம், 2012ல எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான், பேர பாத்தாலே தெரியுது நம்ம தொழில்தான்னு.

மெட்ராஸுக்கு அலையணுமேன்னு பயப்படாதீங்க. உங்க அக்கவுன்ட் இருக்குற பிராஞ்ச் எந்த கோர்ட் எல்லையோ அங்கயே போடலாம், 2015ல சட்டத்தயே மாத்திட்டாங்க. நெலத்து வக்கீல் நல்லவரா இருக்கலாம், ஆனா 138 தேதிக் கணக்குல சாகுற கேஸ், அதையே தெனம் பாக்குறவரா புடிங்க. ஈகோர்ட்ஸ் ஆப்ல (கோர்ட் கேஸ் விவரம் பாக்குற ஆப்) வக்கீல் பேர் போட்டு தேடுங்க, என்ன மாதிரி கேஸ் வெச்சிருக்காரு, எந்த ஸ்டேஜ்ல நிக்குதுன்னு ஓரளவு தெரிஞ்சுடும்.

கேள்வி (ஆற்காடு): வீட்டுக்காரருக்கு பைபாஸ்ல லாரி மோதி கால் எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கே ஒருத்தர் வந்தாரு, வக்கீல் அனுப்புனாருன்னு சொன்னாரு, செலவே இல்ல, வர்ற பணத்துல கால்வாசின்னு கையெழுத்து வாங்கிக்கினு போய்ட்டாரு. பயமா இருக்குதுண்ணா.

பதில்: பயப்படாதம்மா, கையெழுத்து போட்டா தலையெழுத்து மாறிடாது. வந்தவன் புரோக்கர். ஆள் அனுப்பி கேஸ் புடிக்கறதும் தப்பு, ஜெயிச்சா இத்தன பர்சென்ட்னு பேசறதும் தப்பு, ரெண்டுமே பார் கவுன்சில் ரூல்ல தடை. ஊர் பூரா நடக்குதேன்னு கேப்பீங்க, நடக்குதுதான், அதுக்காக சரின்னு ஆயிடுமா. அந்த வக்கீல் பேரையும் என்ரோல்மென்ட் நம்பரையும் கேளுங்க, நம்மூர் ஆளுங்களுக்கு எம்.எஸ்.னு ஆரம்பிச்சு நம்பரும் வருஷமும் இருக்கும். சொல்ல மாட்டேன்னா அங்கயே புரிஞ்சுக்கோங்க. "நான் குடுத்த வகாலத்த ரத்து பண்றேன்"னு ஒரு லெட்டர் எழுதி ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிட்டு ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க.

கேஸ் நீங்க குடியிருக்குற எல்லையிலயே போடலாம், ஆற்காடு 2019ல இருந்து ராணிப்பேட்டை மாவட்டம், அந்த பக்கத்துலயே ஆக்ஸிடென்ட் கேஸ் பாக்குற வக்கீல தேடுங்க. ஆக்ஸிடென்ட் நடந்து 6 மாசத்துக்குள்ளன்னு இப்ப சட்டத்துல போட்டுருக்காங்க, அதனால எஃப்ஐஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லு எல்லாம் இப்பவே ஒரு பையில சேருங்க. பாஸ்புக்கும் சைன் பண்ண வெறும் செக்கும் எவன்கிட்டயும் குடுத்துடாதீங்க, எல்லாத்தையும் விட அதுதான் முக்கியம்.

கேள்வி (வேலூர், சைதாப்பேட்டை): கேஸ் நகரவே இல்ல, வக்கீல மாத்தலாம்னா பாக்கி ஃபீஸ வெச்சாதான் என்ஓசி (வேற வக்கீல் வெச்சுக்க ஆட்சேபனை இல்லன்ற லெட்டர்), கேஸ் கட்டும் தர மாட்டேன்றாரு.

பதில்: ஃபீஸ் பாக்கிக்காக கட்ட புடிச்சு வெக்க வக்கீலுக்கு உரிமை இல்லன்னு 2000லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எழுத்துல கேளுங்க, தரலன்னா புது வக்கீல் மூலமா கோர்ட்லயே மனு போட்டு அனுமதி வாங்கிக்கலாம், அதுக்கும் மேல பார் கவுன்சிலுக்கு புகார். ஆனா ஒன்னு, நகரலன்றது அவரால தானான்னு ஈகோர்ட்ஸ்ல ஒவ்வொரு வாய்தாவா பாருங்க. ஜட்ஜ் போஸ்ட் காலியா இருந்துச்சு, எதிர்பார்ட்டிக்கு சம்மன் போய் சேரலன்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவாரு? வேல செஞ்சிருந்தா காச குடுத்துடுங்க, கேஸ் நடத்துறவங்களுக்கும் வீட்ல அடுப்பு எரியணும்.

கேள்வி (காட்பாடி): தம்பி லண்டன்ல படிக்கறான், விசா நீட்டிப்பு ரிஜெக்ட். பாரிஸ்டர் வெக்கணும்ன்றான். அங்க ஒரு தமிழ்க்காரர் 2000 பவுண்டு குடு, நானே முடிச்சுத் தரேன்றாராம்.

பதில்: அங்க கேஸ் கட்ட பாக்கறது சொலிசிட்டர், கோர்ட்ல நின்னு பேசறது பாரிஸ்டர், பொதுவா சொலிசிட்டர் வழியாத்தான் அவர்கிட்ட போவாங்க. 2004ல இருந்து பப்ளிக் அக்சஸ்னு ஒரு வழி இருக்குது, அந்த பயிற்சி எடுத்த பாரிஸ்டர்னா தம்பி நேராவே போகலாம். பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு வெப்சைட்ல பேர் போட்டா ஆள் பிராக்டிஸ்ல இருக்காரா, பப்ளிக் அக்சஸ் எடுக்குறாரான்னு வந்துடும். சேம்பர்ஸுக்கு (பாரிஸ்டர் ஆபீஸ்) போன் பண்ணா அங்கயும் கிளார்க்தான் எடுப்பாரு, ஃபீஸ் பேசறதே அவர்தான் (நம்ம ஜாதி!), மொத்தமா எவ்ளோன்னு எழுத்துல கேக்கச் சொல்லுங்க.

அந்த தமிழ்க்காரர் சொலிசிட்டரா, பாரிஸ்டரா, இல்ல இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டில பதிஞ்சவரான்னு கேளுங்க. எதுவுமே இல்லாம காசு வாங்கிக்கினு விசா ஆலோசனை சொன்னா அந்த ஊர் சட்டத்துல கிரிமினல் குத்தம். பாரிஸ்டரும் தன் ஃபீஸ் வாங்கலாமே தவிர, கட்சிக்காரர் பணத்த கையில வெச்சிருக்கக் கூடாது. நாள் எண்ணச் சொல்லுங்க, அங்க இருந்தே அப்ளை பண்ணி ரிஜெக்ட் ஆனா ரிவ்யூக்கு (முடிவ மறுபடி பாக்கச் சொல்லி கேக்கறதுக்கு) பொதுவா 14 நாள்தான், லெட்டர்லயே போட்டுருக்கும். தமிழ்ல பேசறாருன்றதுக்காக மட்டும் காச அனுப்பிடாதீங்க.

கேள்வி (சத்துவாச்சாரி): வாஷிங் மிஷின் வாங்குன மாசமே ரிப்பேர், கடைக்காரர் கைய விரிச்சுட்டாரு. யார பாக்குறது?

பதில்: வக்கீலே வேணாம். நுகர்வோர் கமிஷன்ல நீங்களே மனு குடுக்கலாம், 2 வருஷத்துக்குள்ள குடுக்கணும், 5 லட்சம் வரைக்கும் வாங்குன பொருளுக்கு ஃபீஸும் இல்ல.

கேள்வி (அணைக்கட்டு): இலவச வக்கீல்னா சும்மா ஒப்புக்கு நிப்பாங்கன்றாங்களே, நெஜமாண்ணா?

பதில்: சில பேர் அப்படித்தான், மறைக்கல. ஆனா நீங்க காசு குடுத்து போற அதே ஆளுங்கதான் அந்த பேனல்லயும் இருக்காங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிங்க, கஸ்டடில இருக்குறவங்க, இவங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க, 1987 சட்டப்பணிகள் சட்டத்துலயே இருக்குது. மேல கேட்ட குடியாத்தம் தங்கச்சிக்கும் இது பொருந்தும். சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல போய் மனு குடுங்க, இல்லன்னா 15100க்கு போன் போடுங்க. குடுத்த வக்கீல் சரியில்லன்னா வேற ஆள் கேட்டு எழுதிக் குடுக்கலாம். அவர் தனியா காசு கேட்டா அதையும் சேத்து எழுதுங்க.

கேள்வி (பேரணாம்பட்டு): ஒரிஜினல் பத்திரத்த குடுன்றாரு வக்கீல், குடுக்கலாமா?

பதில்: மொத நாளே வேணாம், ஜெராக்ஸ் போதும். கோர்ட்ல சாட்சி ஆவணமா மார்க் பண்ற கட்டத்துல குடுத்துதான் ஆகணும், அப்போ எந்தெந்த பத்திரம், என்ன நம்பர், என்ன தேதின்னு ஒரு பேப்பர்ல எழுதி அவர் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிக்கோங்க. குமாஸ்தா போட்டாலும் செல்லும், ஆனா சீல் வெக்க சொல்லுங்க.