பழைய லோடு வண்டி வாங்குமுன்: கேள்வி பதில்

இன்றைக்கு எடுத்துக்கொள்வது டாடா ஏஸ் டீசல் (702 சிசி, ரெண்டு சிலிண்டர்), மாருதி ஈக்கோ கார்கோ ரெண்டும்தான். செலவுக் கணக்கு பார்ட்ஸும் கூலியும் சேர்த்து, வெளிப் பட்டறையில் உத்தேசமாக ஆகிறது. கூடக்குறைய இருக்கும்.

பாவூர்சத்திரம்: அண்ணாச்சி, மார்க்கெட் லோடுக்கு 2014 மாடல் ஏஸ் ஒண்ணு பாத்துருக்கேன். இன்ஜின் எப்படி இருக்குன்னு நம்மளே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். காலையில் போங்க. "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்"னு முந்தின நாளே சொல்லி வைங்க. போனதும் முதல் வேலை, இன்ஜின் மேல் கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா அன்னைக்கு அந்த வண்டியைப் பார்க்காதீங்க, இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. ஹீட்டர் பிளக் (ஆறிய டீசல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண உதவுறது) போனது, கம்ப்ரஷன் குறைஞ்சது, பேட்டரி தளர்ந்தது மூணும் சூட்டில் மறைஞ்சிடும்.

ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறங்க. தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தாலோ ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்பு) போயிருக்கு. அப்புறம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்னுட்டா குற்றமில்லை. சூடேறிய பிறகும் வெள்ளையாவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் இறங்கினா கேஸ்கட் சந்தேகம். நீலமா வந்தா ஆயில் எரியுது. மிதிக்கும்போது கறுப்பா வந்தா ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் என்ற வரிசையில் பார்க்கணும்.

கடைசியா, இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்துற மூடியைக் கழற்றி, அந்த வாய் மேலேயே தலைகீழா வைங்க. லேசா ஆடிக்கிட்டு நின்னா சரி. தூக்கி எறிஞ்சு, புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடுற சிலிண்டர் போரும் தேய்ஞ்சாச்சு. ஹெட் வேலை மட்டும்னா 8,000 முதல் 12,000. முழு இன்ஜின் வேலைன்னா 35,000 முதல் 50,000. இதை விலையில் கழிக்காம வாங்காதீங்க.

டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. பில் இல்லேன்னா மாத்தலைன்னுதான் எடுத்துக்கணும். வாங்கின அன்னைக்கே பெல்ட், டென்ஷனர் ரெண்டையும் மாத்திடுங்க, 3,000 முதல் 4,000 ஆகும். ஓட்டத்தில் அறுந்தா வால்வு பிஸ்டனில் போய் அடிக்கும்.

திசையன்விளை: 1,20,000 கிலோமீட்டர் ஓடின ஈக்கோ எடுக்கலாமா?

மீட்டரில் இருக்கிற எண்ணை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதை மாத்துறது சுலபம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் பிடி, டிரைவர் சீட் ஓரம் இந்த மூணோட தேய்மானமும் எண்ணும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. இன்ஜினை ஆறின வண்டியில் பாருங்க.

உவரி: மீன் லோடு அடிச்ச ஈக்கோ சல்லிசா வருது. வேற குறை இல்லைங்காங்க.

சல்லிசா வர்றதுக்குக் காரணமே அந்த மீன் லோடுதான். ஐஸ் உருகி, உப்பும் சேர்ந்து தரைத்தகட்டு இடுக்கில் இறங்கும். மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும்போதே அடியில் தகடு உப்பி உதிர்ந்துக்கிட்டு இருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் வரிசையா தட்டுங்க. நல்ல தகடு கணீர்னு கேக்கும், அரிச்ச இடம் பொத்துன்னு கேக்கும். பக்கவாட்டில் சின்னக் காந்தத்தை ஓட்டிப் பாருங்க. ஒட்டாத இடத்தில் இருக்கிறது பட்டி, அதாவது அரிச்ச இடத்தை மறைக்கப் பூசின பூச்சு.

அப்புறம் படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், பிரேக் பைப் போகிற வழி, ஸ்லைடிங் கதவு ஓடுற தடம். தரையில் மட்டும் ஓட்டைன்னா வெட்டி ஒட்டலாம், 8,000 முதல் 15,000. ஸ்பிரிங் மாட்டுற இடமே அரிச்சிருந்தா எவ்வளவு சல்லிசா கொடுத்தாலும் வேண்டாம். அங்கே வெல்டிங் வச்சாலும் பக்கத்துத் தகடு அதைத் தாங்காது.

அம்பாசமுத்திரம்: 90,000 ஓடின ஏஸ் எடுக்கலாமா அண்ணாச்சி?

திசையன்விளைக்குச் சொன்ன பதிலே. வண்டி ஆறியிருக்கணும்.

மேலப்பாளையம்: லோடோட பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது.

கிளட்ச் வழுக்குது. முதலில் கேபிளில் ஃப்ரீ பிளே (மிதிக்கும்போது முதலில் வர்ற வெறும் ஆட்டம்) இருக்கான்னு பார்த்து அட்ஜஸ்ட் பண்ணுங்க, சில சமயம் அதோட சரியாகும். சரியாகலேன்னா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்த்து 5,000 முதல் 7,500. கியர்பாக்ஸை இறக்குற கூலிதான் இதில் பெரிசு. அதனால இறக்கினப்பவே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் மாத்தச் சொல்லுங்க. சீல் விலை கொஞ்சம்தான். அது கசிஞ்சா புது பிளேட்டும் ஆயிலில் நனைஞ்சு வழுக்கும்.

வள்ளியூர்: ஏஸ் லோடோட போனா சூடு ஏறுது. தெர்மோஸ்டாட்டைக் கழத்திட்டா சரியாயிரும்னு மெக்கானிக் சொல்லுதாரு. கழத்தலாமா?

கழற்றாதீங்க. தெர்மோஸ்டாட்ங்கிறது இன்ஜின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கிற வால்வு. சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வேற எங்கேயோ இருக்கும், அதைத் தேடணும். முதலில் தண்ணீர் அளவு. அடுத்து ரேடியேட்டர் மூடி: அதோட ஸ்பிரிங் தளர்ந்தா பிரஷர் நிக்காது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். மூடி 200, 300 ரூபாய்தான். அப்புறம் ஃபேன், ரேடியேட்டர் வெளியே அடைச்ச மண்ணும் வைக்கோலும், உள்ளே படிஞ்ச உப்பு, வாட்டர் பம்ப், கடைசியா ஹெட் கேஸ்கட். உங்க பக்கம் போர்வெல் தண்ணியை ஊத்துற பழக்கம் இருக்கிறதால உப்பு அடைப்பைத்தான் அதிகமா சந்தேகப்படுவேன். ராடு விட்டுச் சுத்தம் பண்ண 1,500 முதல் 2,500.

பேட்டை, பட்டறை: என்னவே சொல்லுதீரு? நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? அது குளிர் ஊருக்குள்ளது. இங்க பாதி லோடு வண்டி அது இல்லாமத்தான் ஓடுது.

ஓடுது, தேய்ஞ்சுக்கிட்டே ஓடுது. வெயில் எவ்வளவு அடிச்சாலும் காத்து 40 டிகிரி. இன்ஜினுக்குள்ள தண்ணீர் 80 டிகிரிக்கு மேல நிக்கணும்னுதான் பிஸ்டன் இடைவெளியிலிருந்து எல்லாத்தையும் கணக்குப் பண்ணியிருக்கான். அந்தச் சூட்டுக்கு வராத இன்ஜினில் டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் போர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு கீழே ஆயில் தங்குற சம்ப்பில் இறங்கும். ரிங் தேயும், மைலேஜும் குறையும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாரும், டீசல் வாடை அடிக்குதான்னு.

களக்காடு: அண்ணாச்சி, எங்க வண்டியில கழத்தினப்புறம் மீட்டர் முள்ளு இறங்கிட்டே. அப்ப சரியாத்தானே ஆச்சு?

முள் இறங்கும், கோளாறு அப்படியே இருக்கும். பாதி அடைச்ச ரேடியேட்டருக்கு எந்நேரமும் தண்ணீர் ஓடுறதால சமவெளியில் சமாளிச்சுக்கும். முழு லோடோட புளியரையிலிருந்து கோட்டைவாசல் மேடு ஏறும்போது கொதிக்கும். இன்னொன்னும் இருக்கு: சில இன்ஜினில் சூடானதும் பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணீர் சுத்துற குறுக்கு வழி) மூடுறதும் தெர்மோஸ்டாட்டோட வேலை. அதை எடுத்துட்டா தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்திக்கிட்டு இருக்கும். அப்படிப்பட்ட இன்ஜினில் கழற்றினதாலேயே சூடு கூடும்.

பேட்டை, பட்டறை: ராத்திரி நடுவழியில ஜாம் ஆகி நின்னா என்ன செய்வீரு? கழத்தித்தானே ஆகணும்?

அது நியாயம்தான்வே. மூடினபடி ஜாம் ஆனா, இன்ஜின் நல்லா ஆறினதுக்கப்புறம் கழற்றிட்டு வீடு வந்து சேரலாம். மறுநாள் புதுசு போட்டிரணும், 500 முதல் 900 ரூபாய். பழசு கெட்டுப்போச்சான்னு தெரியணும்னா சட்டியில் தண்ணீர் வச்சு, அதில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட அடுப்பில் ஏத்தும். அதன் மேலேயே டிகிரி பொறிச்சிருக்கும். அந்தச் சூட்டுக்கிட்ட திறக்க ஆரம்பிச்சு, கொதி வரும்போது நல்லா விரிஞ்சிருக்கணும். சோதிக்காம தூக்கிப்போடறதைத்தான் வேண்டாங்கிறேன்.

செங்கோட்டை: ஆரியங்காவு தாண்டி இறக்கத்துல பிரேக் வாடை அடிக்குது, பெடல் பஞ்சு மாதிரி போவுது.

உடனே பாருங்க, தள்ளிப்போடுற விஷயமில்லை. பிரேக் ஆயில் காத்திலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதிச்சு ஆவியாகும், அப்போ பெடல் உள்ளே போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும். டாட் 3, டாட் 4 எதுன்னு டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். பின் சக்கர சிலிண்டர் கசிஞ்சா ஒண்ணுக்கு 700 முதல் 1,200; ஷூ செட் 1,500 முதல் 2,500. எந்த கியரில் ஏறுவீங்களோ அதே கியரில் இறங்குங்க. டீசல் மிச்சம்னு இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தவே கூடாது, பிரேக்குக்குப் பலம் கொடுக்கிற பூஸ்டர் வேலை செய்யாது.

ஆலங்குளம்: பேர் மாத்த என்ன வேணும்? பெர்மிட் வேணுமா?

ஃபாரம் 29, 30. லோன் இருந்து அடைச்சிருந்தா ஃபாரம் 35. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, ஏஸ் அதற்குள்தான் வரும். 8 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று). மீதியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்க.

சேரன்மகாதேவி: 1,50,000 ஓடினது...

கிலோமீட்டர் கேள்விக்கு இனி பதில் எழுதலை. மேலே இருக்கு.

நாங்குநேரி: செங்கல் லோடு ஓடின ஏஸ். பட்டை கூடுதலா போட்டிருக்காங்க. நல்லதுதானே?

ஓவர்லோடு ஓடினதுக்கு அதுதான் சாட்சி. ஸ்பிரிங் பட்டை தாங்கும், சேஸிஸ் தாங்காது. ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாத்தும்போது அடியில் கிடுக்குன்னு கேட்டா புரொபெல்லர் (கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டு) கிராஸ் போயிருக்கு, 1,200 முதல் 2,000. வேகத்துக்குத் தக்க ஊளைச் சத்தம் பின்னாலிருந்து வந்தா டிஃபரன்ஷியல். அது 10,000த்தைத் தாண்டும்.

வள்ளியூர்: அண்ணாச்சி, ராடு விட்டாச்சு, நிறைய உப்பு வந்துச்சு. இனி என்ன ஊத்தணும்?

கூலண்ட்டும் பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டரும். எவ்வளவுக்கு எவ்வளவுன்னு கேனில் போட்டிருக்கிற அளவிலேயே கலக்குங்க. ஏற்கெனவே கலந்து வர்ற கேன்னா தண்ணீர் சேர்க்காதீங்க. ரெண்டு கம்பெனி கூலண்ட்டைக் கலக்க வேண்டாம். ஊத்திட்டு மூடியில்லாம ஸ்டார்ட் பண்ணி விடுங்க. குமிழி வர்றது நின்னு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது மறுபடி நிரப்பி மூடுங்க. மறுநாள் காலையில் ஆறின பிறகு இன்னொரு தடவை மட்டம் பாருங்க. சூட்டில் மட்டும் மூடியைத் திறந்திராதீங்க.