சிலிண்டரில் இருப்பது காலாவதித் தேதி இல்லை: ஒரு பாதுகாப்பு அலுவலரின் பதில்கள்

வடசென்னையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். ‘தொடாதே’, ‘உள்ளே வராதே’, ‘தீ வைக்காதே’ என்று பலகை எழுதி மாட்டியே சம்பளம் வாங்கியவன். பலகைகளை யாரும் படிப்பதில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. வீட்டுப் பொருள்களில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைகள், வெளியிடங்களில் பார்வையாளர்களுக்குச் சொல்லும் விதிகள் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். மருந்து மாத்திரை என் துறை இல்லை. கேள்வி வருமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்த ரசாயனத்தையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

தாம்பரத்திலிருந்து: எங்கள் சமையல் எரிவாயு சிலிண்டரில் சி-27 என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு கேஸ் கெட்டுப்போய்விடுமா?

கேஸ் என்ன பாலா, திரிந்துபோக? அந்த எழுத்து இரும்புக் கூட்டுக்கானது. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் பாருங்கள், ஓர் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். உங்களுடைய சிலிண்டர் 2027 செப்டம்பருக்குள் மறுபடி அழுத்தச் சோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவே. சிலிண்டர் வந்து இறங்கும்போதே கெடு கடந்திருந்தால் வாங்காதீர்கள், வேறு கேளுங்கள்.

எழுத்தைத் தேடும் ஆர்வத்தில் பாதியையாவது ரப்பர் குழாய்க்குக் கொடுங்கள். சுரக்ஷா குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டும். குழாய் அடுப்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

வாசனை வந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் வாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது. நாம் முகர்வது, கசிவு தெரிவதற்காகவே கலக்கும் மெர்காப்டன். வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நின்றபடி முகர்ந்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. மின் ஸ்விட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அணைக்கும்போதும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், வெளியே வந்த பிறகு 1906-க்குப் பேசுங்கள்.

தேனியிலிருந்து: மாடித்தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தில் பச்சை முக்கோணம் இருக்கிறது. இயற்கை மருந்து என்பதற்கான அடையாளம்தானே?

இல்லவே இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் சைவப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண் செய்யும் குழப்பம் இது. பூச்சிமருந்து டப்பாவில் நான்கு நிறங்கள் உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மண்டையோட்டுப் படமும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் நஞ்சு குறைவு, நஞ்சே இல்லை என்று பொருளில்லை. கையுறை போடுங்கள், காற்று வரும் திசையைப் பார்த்து நின்று தெளிக்காதீர்கள். கலந்து மிஞ்சியதை எந்தப் பாட்டிலில் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஓசூரிலிருந்து: ஆயுத பூசைக்குக் கணவரின் தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு போனோம். வாசலில் துப்பட்டாவை முடிந்துகொள்ளச் சொன்னார்கள். பிள்ளையின் செருப்பைப் பார்த்து உள்ளே விடமாட்டோம் என்றார்கள். இயந்திரங்களை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கும் நாளில் எதற்கு இந்தக் கெடுபிடி?

அம்மா, வருடத்தின் மற்ற நாள்களில் எனக்குத் தூக்கம் வரும். ஆயுத பூசைக்கு முதல் நாள் வராது.

நின்ற இயந்திரம் செத்த இயந்திரம் ஆகாது. மின்சாரத்தை நிறுத்தினாலும் குழாய்களில் அழுத்தக் காற்று இருக்கும், நீராவி இருக்கும், சூடு ஆறாத பகுதிகள் இருக்கும். போதாததற்கு, பூசை முடிந்ததும் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆரத்தி காட்டும்போது நின்றிருந்த பெல்ட், பொரி வாங்கித் திரும்புவதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். சுழலும் தண்டு துணியின் நுனியைப் பிடித்தால் விடாது, ஆளோடு இழுக்கும். முடிச்சு அதற்காக. கடைசல் பட்டறைத் தரையில் கிடக்கும் இரும்புச் சுருள் பிளேடு போல வெட்டும். திறந்த செருப்பில் பிள்ளையின் விரல் வெளியே இருக்கிறதே, அதற்காக அந்தத் தடை. நசுக்கிய எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் தரையை எப்படி வழுக்க வைக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பெயிண்ட், தின்னர் வைத்திருக்கும் அறை வாசலில் தட்டோடு நின்றவர்களை நான் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாமி குற்றம் என்றார்கள். அந்தக் குற்றம் என் கணக்கில் இருக்கட்டும் என்று, கற்பூரத்தை அலுவலகத் தாழ்வாரத்தில் மட்டும் ஏற்ற விட்டேன். ஒரு வருடம் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அழகாக இருக்கிறதே என்று அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டான். நிறுத்தக் கூடாத ஒரு பம்பு நின்றது. அதைச் சரிசெய்வதற்குள் பொங்கல் வைக்கும் நேரம் கடந்துவிட்டது. அவன் மேல் தவறில்லை, கையைப் பிடித்துக்கொள்ளாத அப்பா மேல்தான்.

இன்னொரு முறை போனால் பலகைகளின் வடிவத்தைப் பாருங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றே நிறமும் வடிவமும் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் என்றால் செய்யாதே. நீல வட்டம் கட்டாயம் செய், அதாவது தலைக்கவசம், கண்ணாடி அணிவது போன்றவை. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சைச் சதுரமோ செவ்வகமோ தப்பும் வழி, முதலுதவி, கூடும் இடம். உள்ளே நுழைந்ததும் அந்தக் கூடும் இடம் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மேல் கோடு போட்ட துணிக்குழல் ஒன்று பறக்கும். அலங்காரம் என்று நினைப்பார்கள், காற்றின் திசை காட்டுவது அது. வாயு கசிந்தால் காற்று போகும் பக்கம் ஓடினால் வாயுவும் கூடவே ஓடி வரும். காற்றுக்குக் குறுக்கே விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும்.

வேலூரிலிருந்து: சிலிண்டரில் டி-26 என்று இருக்கிறது. காலாவதியா?

தாம்பரத்துக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கும்பகோணத்திலிருந்து: குக்கர் மூடியில் இருந்த சின்ன வால்வு வெடித்துப் பருப்பு கூரைவரை போய்விட்டது. கடைக்காரர் ஏதோ ஒரு வால்வைப் பொருத்திக் கொடுத்தார். போதுமா?

வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது, அதைத் திட்டாதீர்கள். நடுவில் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை இருக்கும். ஆவி போகும் வழி அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றினாலோ அது உருகி வழிவிடும். வழிவிடாவிட்டால் மூடியே பறக்கும். ‘ஏதோ ஒரு வால்வு’ எப்போது உருகும் என்பது அதைச் செய்தவருக்கே தெரியாது, அந்தக் குக்கரின் நிறுவன வால்வையே வாங்குங்கள். ஓட்டையைப் பசை வைத்து அடைத்துச் சமைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

அடைப்பு ஏன் வந்தது? பருப்பு பொங்கி நுரைக்கும், தோல் மேலே வந்து குழலில் ஒட்டும். அதனால்தான் மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, பருப்புக்குப் பாதி என்று கையேட்டில் அளவு போடுகிறார்கள். மூடும் முன் வெயிட் உட்காரும் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆவி நேராக வரத் தொடங்கிய பிறகு வெயிட்டைப் போடுங்கள். புதுக் குக்கர் வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 2347 என்றும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரியும். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம், எண் பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

புதுச்சேரியிலிருந்து: மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு எதற்கு?

மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு. மேற்கொண்டு மருந்தாளுநரைக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து: பெட்ரோல் பங்க்கில் செல்பேசிக்குத் தடை என்று பலகை. அதே கம்பத்தில் செல்பேசியால் பணம் செலுத்தக் கியூஆர் குறியீடு. எதை நம்புவது?

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும் திரவம். அந்த ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். செல்பேசி அப்படிப்பட்ட இடத்துக்கென்று சோதித்துச் சான்று பெற்ற கருவி இல்லை, அதனால் தடை. ஆனால் செல்பேசியால்தான் பங்க் எரிந்தது என்று உறுதியான நிகழ்வு எதையும் நான் படித்ததில்லை. அமெரிக்காவின் பெட்ரோலியம் எக்யூப்மென்ட் இன்ஸ்டிடியூட் பங்க் தீவிபத்துகளைத் தொகுத்துப் பார்த்ததில் சிக்கியது நிலைமின்சாரம். நம் ஊரில் நான் பயப்படுவது ஓடும் இன்ஜினுக்கும் பீடிக்கும்.

திருச்சியிலிருந்து: அப்படியானால் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதானே? காரணமில்லாத விதியை வைத்துக்கொண்டு ஊரைப் பயமுறுத்துகிறீர்கள்.

காரணம் சிறியது என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. கம்பத்தில் குறியீட்டை ஒட்டியவர் செய்ததுதான் பிழை. பணம் வாங்கும் இடத்தைப் பத்தடி தள்ளி வைத்தால் பலகைக்கும் மரியாதை இருக்கும்.

மறுபடி திருச்சி: பத்தடி தள்ளி வைத்தால் ஆவி வராதா?

திறந்த வெளியில் பத்தடிக்குள் அது பெரும்பாலும் கலைந்துவிடும். பள்ளமும் வடிகாலும் வேறு கதை, கனமான ஆவி அங்கே போய்த் தங்கும்.

பங்க் ஊழியர் ஒருவர்: ஐயா, பொறியை விடுங்கள். செல்பேசியைப் பார்த்துக்கொண்டே, நாசில் டேங்கில் இருக்கும்போதே வண்டியை நகர்த்துகிறார்கள். போன மாதம் என் சட்டையெல்லாம் பெட்ரோல்.

இதைச் சொல்ல நீங்கள்தான் வரவேண்டியிருந்தது. பொறியைப் பற்றியே பேசி நான் கவனச் சிதறலை விட்டுவிட்டேன். திருச்சிக்காரர் இப்போது பலகையைக் கழற்றச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். தம்பி, கேனில் கேட்பவர்களை என்ன செய்கிறீர்கள்?

அதே ஊழியர்: ஸ்கூட்டரின் காலடியில் வைத்தபடியே நிரப்பச் சொல்வார்கள். மறுத்தால் சண்டை.

மறுங்கள். பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் விழும்போது நிலைமின்சாரம் சேரும், அது வெளியேற வழி வேண்டும். பெட்ரோலுக்கென்று செய்த கேனாக இருந்தாலும் தரையில் வைத்து, நாசில் முனை கேனின் வாயைத் தொட்டபடி மெதுவாக நிரப்ப வேண்டும். தண்ணீர் பாட்டிலோடு வருபவரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சேலத்திலிருந்து: வெயில் காலத்தில் டேங்க்கை நிரப்பினால் வெடிக்குமாமே? வாட்ஸ்ஆப்பில் வந்தது.

வெடிக்காது. விரிவதற்கு இடம் விட்டுத்தான் டேங்க்கைச் செய்கிறார்கள். விளிம்புவரை அடைக்காமல், நாசில் தானாக நின்றதும் விட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கல்யாண மண்டப லிஃப்டில் ‘6 பேர், 408 கிலோ’ என்று இருந்தது. நாங்கள் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் குழந்தைகள். போகலாமா?

ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துப் போட்ட கணக்கு. எடைக்குள் இருந்தால் லிஃப்ட் தாங்கும். சீர்வரிசைத் தட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் வழக்காடாமல் இறங்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது?

அது எர்த். நீளமாக இருப்பதால் முதலில் உள்ளே போகும், கடைசியில் வெளியே வரும். மின்சாரம் வரும் முன்பே பாதுகாப்பு வந்துவிடுகிறது. தடிமன், தவறான துளையில் நுழையாமல் இருக்க. அந்தத் துளையில் பேனா மூடியைச் செருகி, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் என்று எழுதிய கசிவுத் தடுப்பான் இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஆவடியிலிருந்து: ஐயா, சிலிண்டரில் ஏ-28...

மேலே போய்ப் படியுங்கள். இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

கோவையிலிருந்து: விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கழிவறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, நன்றாக வெளுக்கட்டும் என்று அதன்மேல் ஆசிட்டும் ஊற்றினேன். பச்சை மஞ்சளாகப் புகை வந்து இருமல் நிற்கவில்லை. வெளியே ஓடி வந்தேன். இப்போது பரவாயில்லை. என்ன நடந்தது?

குளோரின் செய்திருக்கிறீர்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட அதே வாயு. ‘வேறு சுத்திகரிப்பானோடு கலக்காதீர்கள்’ என்று லேபிளில் பொடி எழுத்தில் இருக்குமே, அது உங்களுக்குத்தான். வெளியே வந்தது சரி. அறைக்குள் உடனே திரும்பிப் போகாதீர்கள், கதவு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மூச்சு இறுகினாலோ இருமல் திரும்பினாலோ மருத்துவமனைக்குப் போங்கள், இரவில் தனியாகப் படுக்க வேண்டாம்.

கோவையிலிருந்து மறுபடி: நன்றி ஐயா. மிஞ்சிய ஆசிட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். பழைய ஜூஸ் பாட்டில் ஒன்று இருந்தது.

விருந்தாளிகள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? பதில் எழுத வேண்டாம். முதலில் போய் அந்தப் பாட்டிலை எடுங்கள்.