திருமணத்துக்கு முன் பழையதைச் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. படிப்பு முடித்த புதிதில் ஒருவரை நேசித்தேன். அது உடலுறவு வரை போய்விட்டது. பிரிந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஆண்டவரை உண்மையாக அறிந்து ஞானஸ்நானம் எடுத்தேன். விசுவாசியான ஒருவரோடு நிச்சயம் ஆகியிருக்கிறது; நான்கு மாதத்தில் திருமணம். சமீபத்தில் ஒரு வாலிபர் கூட்டத்தில் பேசியவர், ஒரு பூவை எல்லார் கையிலும் கொடுத்துக் கசங்க வைத்துவிட்டு, "இனி இதை யார் வாங்குவார்?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் அவரிடம் சொல்ல வேண்டுமா? சபையில் நான் மதிக்கும் ஓர் அக்கா, "கர்த்தரே மறந்துவிட்டார், நீ ஏன் கிளறுகிறாய்?" என்கிறார். சொன்னால் திருமணம் நின்றுவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் பொய்யில் தொடங்குகிறேனோ என்று பயம்.

பதில்:

சகோதரி, சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தக் கசங்கிய பூவை மனதிலிருந்து எறிந்த பிறகு சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு போனால் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவளாகப் பேசுவீர்கள். அவரும் தன்னை அறியாமலே நீதிபதியாகிவிடுவார். கணவன் மனைவியாகப் போகிற இருவர் அப்படித் தொடங்கக் கூடாது.

முதலில் அந்தப் பூ. திருமணத்துக்கு வெளியே உடலுறவு பாவம் என்று கூட்டத்தில் பேசியவர் சொல்லவந்தது வேதம் சொல்வதுதான். "வேசித்தனத்திற்கு விலகியோடுங்கள்" என்று பவுல் எழுதியதை நான் ஒரு எழுத்தும் குறைக்கப் போவதில்லை. ஆனால் பூ சொல்வது வேறு. ஒருவர் கைபட்டால் உன் மதிப்பு போயிற்று, அது இனித் திரும்பாது என்கிறது அது. அது உண்மையானால் விதவைகள் மறுமணம் செய்யவே கூடாது. பவுலோ 1 கொரிந்தியர் 7:39-ல், கணவன் இறந்தபின் மனைவி தனக்கு இஷ்டமானவரை, கர்த்தருக்குட்பட்டவரை, விவாகம் பண்ணலாம் என்று தயக்கமில்லாமல் எழுதுகிறார். ரூத் ஏற்கெனவே ஒருவரோடு வாழ்ந்து விதவையானவள். அவளைத்தான் போவாஸ் "குணசாலி" என்று அழைத்து மனைவியாக்கிக்கொண்டார். மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றின்படி அந்தப் போவாசின் தாய் யார் தெரியுமா? எரிகோவில் வேசியாயிருந்த ராகாப். கிறிஸ்துவின் வம்சத்திலேயே அவளைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார் மத்தேயு.

ஆக, வேதத்தில் தூய்மை என்பது கைபடாத சரக்கின் நிலை அல்ல. 1 தெசலோனிக்கேயர் 4:3-ல் "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தம்" என்று வாசிக்கிறோம். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் 'ஹகியாஸ்மோஸ்'. தேவனுக்கென்று பிரித்தெடுக்கப்பட்டு, பரிசுத்தமாகிக்கொண்டே போவது. அந்தக் கடிதம் யாருக்கு? விக்கிரகங்களை விட்டுப் புதிதாக மனந்திரும்பியவர்களுக்கு. ஆண்கள் மனைவிக்கு வெளியே உறவு கொள்வதைச் சமுதாயம் பெரிதாக எண்ணாத உலகத்திலிருந்து அவர்கள் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பவுல், இழந்ததை நினைத்து அழுங்கள் என்று சொல்லவில்லை. இனி இப்படி நடங்கள் என்றார். கொரிந்து சபைக்கு இன்னும் நேரடியாகவே எழுதினார்: "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்... கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள், நீதிமான்களாக்கப்பட்டீர்கள்." அந்த "இருந்தீர்கள்" என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்களுக்குத் தூக்கம் வரவேண்டிய இடம் அது.

இதை வாசிக்கிற வேறு சிலருக்காக ஒரு வார்த்தை. உங்களுக்கு நடந்தது உங்கள் சம்மதமில்லாமல் நடந்திருந்தால், இந்தப் பதிலில் உள்ள "அறிக்கை" எதுவும் உங்களுக்கானதல்ல. வெளியிலே பலவந்தம் பண்ணப்பட்ட பெண்ணைக் குறித்து, அவள்மேல் குற்றமில்லை, ஒருவன் மற்றவன்மேல் எழும்பி அவனைக் கொலைசெய்வதைப் போன்றது இது என்கிறது உபாகமம் 22:26. 410-ஆம் ஆண்டு ரோமாபுரி சூறையாடப்பட்டபோது பல கிறிஸ்தவப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். அப்போது ஆயர் அகுஸ்தீன், கற்பு மனதின் ஒழுக்கம், மனது இணங்காதவரை அதை இன்னொருவன் பறித்துவிட முடியாது என்று எழுதினார். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. சொல்லாமலே இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, சகோதரி, உங்கள் அக்கா சொன்னது. அன்பினால்தான் சொல்லியிருக்கிறார். எரேமியா 31:34-ல் "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று கர்த்தர் சொல்வதும் மெய். ஆனால் அங்கே நினையாதிருத்தல் என்றால் அந்தப் பாவத்தை இனி நம்மேல் சுமத்தமாட்டார் என்று பொருள். நடந்ததே இல்லை என்று பாவனை செய்வதல்ல. உரியாவின் மனைவியோடு பாவம் செய்த தாவீது மன்னிக்கப்பட்டான், ஆயிரம் ஆண்டு கழித்தும் மத்தேயு, சாலொமோனின் தாயை "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றுதான் எழுதினார். மன்னிக்கப்பட்டதால்தான் அதை அச்சமில்லாமல் சொல்ல முடிந்தது. உங்களுக்கும் அப்படித்தான்.

மன்னிப்புக்காக நீங்கள் அவரிடம் சொல்லத் தேவையில்லை. அது 1 யோவான் 1:9-ன்படி தேவனிடத்தில் முடிந்த காரியம். கத்தோலிக்கராய் இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்தில் முடிந்த காரியம். அங்கே கேட்டதைக் குருவானவர் யாரிடமும் வெளியிட முடியாது. "வருங்காலக் கணவரிடம் பழைய பாவத்தைச் சொல்" என்று கட்டளையிடும் வசனமும் வேதத்தில் இல்லை. ஆகவே சொல்லாமல் திருமணம் செய்தவர்களைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். அப்படியிருந்தும் உங்களைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம், திருமணம் என்பதை வேதம் என்னவென்று பார்க்கிறது என்பதுதான்.

ஆதியாகமம் 4:1-ல் "ஆதாம் தன் மனைவியாகிய ஏவாளை அறிந்தான்" என்று வருகிறது. கணவனும் மனைவியும் கூடுவதைச் சொல்ல எபிரெயர் 'அறிதல்' என்ற சொல்லையே எடுத்தார்கள். அதற்கு முன்பு 2:25-ல், இருவரும் நிர்வாணிகளாயிருந்தும் வெட்கப்படாதிருந்தார்கள் என்று வாசிக்கிறோம். பாவம் நுழைந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை அத்தியிலைகளைத் தைத்து ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டது. திருமணப் படுக்கையின் பரிசுத்தம் என்று எபிரெயர் 13:4 சொல்வதை நான் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன். இன்னொருவர் அதில் நுழையாமல் இருப்பது ஒரு பாதி. மறைக்க ஒன்றும் இல்லாமல் இருவர் அதில் சேர்வது மறு பாதி. அவர் உங்களை நேசிக்கும்போதெல்லாம் "இது தெரிந்தால் நேசிப்பாரா?" என்ற கேள்வி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தால், அவருடைய அன்பு உங்களுக்குள் இறங்காது. திருமண ஆலோசனையில் நான் பார்த்த துயரமான முகங்களில் சில, பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் வாயால் கேள்விப்பட்ட கணவர்களுடையது, மனைவிகளுடையது. "நடந்ததை நான் தாங்கியிருப்பேன், இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் வைத்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை" என்றே அவர்கள் சொன்னார்கள்.

எப்போது? சபையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பதற்கு முன். ஓலை எதற்காக ஏற்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். மறைந்திருக்கும் தடை ஏதும் இருந்தால் திருமணத்துக்கு முன்பே தெரியவரட்டும் என்றுதான், 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதைத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது. உங்கள் பழைய உறவு சட்டப்படி ஒரு தடையே அல்ல. ஆனாலும் முடிவெடுக்க அவருக்கு நேரம் இருக்கும்போதே தெரிவது நியாயம். திருமணத்துக்கு முந்தின வாரம் சொல்வது அவரை மூலையில் நிறுத்துவதாகும். முதலிரவில் சொல்வது அதைவிடக் கொடுமை.

எவ்வளவு? இதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒன்றுமே சொல்லாமல் இருந்தவர்கள், தொடங்கியதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அவர் அறியவேண்டியது இவ்வளவுதான்: அப்படி ஒரு உறவு இருந்தது, அது உடலுறவு வரை போனது, எப்போது முடிந்தது, இப்போது தொடர்பில்லை, அதற்குப்பின் ஆண்டவர் உங்களுக்குள் என்ன செய்தார். எங்கே, எத்தனை முறை, எப்படி என்பது வேண்டாம். கேட்ட காட்சி மனதிலிருந்து போகாது. அதை அவருக்குள் வைப்பது உண்மையல்ல, சுமை. அவர் துருவிக் கேட்டால், "இதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு எதற்கு உதவும்?" என்று மென்மையாகக் கேளுங்கள். அந்த நபர் அவருக்குத் தெரிந்தவராகவோ, இனி அடிக்கடி எதிர்ப்பட வேண்டியவராகவோ இருந்தால் மட்டும் பெயரைச் சொல்லுங்கள். புகைப்படமோ செய்திகளோ அந்தப் பக்கம் இன்னும் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்; பின்னால் யாரும் மிரட்டுவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

தொடங்கும்போதே ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: இதைக் கேட்டு நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், இது நம் இருவரோடு இருக்கட்டும். யோசேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மரியாளைக் குறித்து உண்மை தெரியாமல் கலங்கியிருந்த வேளையிலும், அவர் "நீதிமானாயிருந்து" அவளை அவமானப்படுத்த மனமில்லாமல் இரகசியமாய்த் தள்ளிவிடவே யோசித்தார் என்று மத்தேயு 1:19 சொல்கிறது. விலகிப் போகிறவனிடமும் நீதி உண்டு; ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவனிடம் அது இல்லை.

சொல்லும் இடம் தனி அறையாக இருக்க வேண்டாம். மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத ஒரு இடம் போதும். ஒளிவு மறைவில்லாமல் இருவர் பேசி அழுத பிறகு உடல்கள் ஒன்றையொன்று தேடும். அந்த நெருக்கம் நல்லதுதான், ஆனால் அதற்குரிய வேளை இன்னும் வரவில்லை. இந்த நான்கு மாதமும் அந்த எச்சரிக்கை இருவருக்கும் இருக்கட்டும்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உடனே அணைத்துக்கொள்ளலாம், மௌனமாகலாம், ஒரு வாரம் பேசாமலே இருக்கலாம். அந்த மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரும் ஒன்றை அடக்கம் பண்ணவேண்டியிருக்கிறது. இரண்டு பதில்களுக்கு மட்டும் பயப்படுங்கள். ஒன்று, "அவனோடு இருந்தாயே, என்னோடு இருந்தால் என்ன?" என்பது. இப்படிக் கேட்கிறவர் உங்களை மன்னிக்கவில்லை, அந்தக் கசங்கிய பூவாகத்தான் பார்க்கிறார். அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் போதகரிடம் பேசுங்கள், திருமணத்தைத் தள்ளிப்போடக்கூட அது போதுமான காரணம். இரண்டாவது, "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த சண்டையிலேயே அதை எடுத்து வீசுவது. மன்னிப்பதானால், இதை இனி ஆயுதமாக எடுப்பதில்லை என்று இருவரும் வாய்விட்டுப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பழையதையும் கேளுங்கள். தயங்க வேண்டாம். பெண்ணின் தூய்மை வேறு, ஆணின் தூய்மை வேறு என்பது கிறிஸ்தவ போதனையே அல்ல. சுமார் 400-ஆம் ஆண்டில் வேத அறிஞர் ஜெரோம், பபியோலா என்ற பெண்ணைக் குறித்து எழுதிய கடிதத்தில், சீசரின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு. பெண்களுக்கு ஆகாதது நம்மிடத்தில் ஆண்களுக்கும் ஆகாது என்றார். பவுல் அதற்கு முன்பே 1 கொரிந்தியர் 7:4-ல், மனைவியின் சரீரத்துக்குப் புருஷன் அதிகாரி, புருஷனின் சரீரத்துக்கு மனைவி அதிகாரி என்று இருவரையும் ஒரே தராசில் வைத்துவிட்டார். உடலுறவு இல்லாவிட்டாலும் கைப்பேசியில் ஆபாசம் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதுவும் பேசப்படவேண்டியதே. மத்தேயு 5:28 அதைத் தொடாமல் விடவில்லை.

மருத்துவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் பரிசோதனைகளை இருவரும் சேர்ந்து செய்யுங்கள், நீங்கள் மட்டும் அல்ல. நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் இன்றைய எச்ஐவி பரிசோதனை, தொற்று ஏற்பட்ட 45 நாளுக்குள் காட்டிவிடும். உங்களுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டதால் தெளிவான பதில் கிடைக்கும். கன்னித்தன்மையைக் காட்டும் பரிசோதனை என்று மட்டும் எதற்கும் சம்மதிக்காதீர்கள். அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று சொல்லி, அதை ஒழிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கேட்டுக்கொண்டது.

போகும் முன் உங்கள் போதகரின் மனைவியிடமோ, நம்பிக்கையான மூத்த சகோதரி ஒருவரிடமோ இன்ன நாளில் பேசப்போகிறேன் என்று சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படித் தொடங்கலாம்: "நீங்கள் என்னை முழுதாக அறிந்து மணக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அதனால் ஒன்று சொல்ல வேண்டும். இது தேவனிடத்தில் மன்னிக்கப்பட்டது. உங்களிடத்தில் மறைக்க எனக்கு மனமில்லை." பேசி முடித்தபின் அவர் யோசிக்க எத்தனை நாள் வேண்டும் என்று அவரையே கேட்டு, மறுபடி பேசும் நாளையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரை "என்ன முடிவு செய்தீர்கள்?" என்று செய்தி அனுப்பாதீர்கள்.