அறுபது கம்பெனிக்கு ஒரே ரெஸ்யூமே

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் குடியாத்தம் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் இரும்பை வெட்டிக் கடையும் மெஷின்) ஆபரேட்டராக இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதமாக 60 கம்பெனிக்கு மேல் மெயில் போட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், அதோடு சரி. என்னைப் போல டிப்ளமோ படித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கூட்டத்தில் நான் எப்படிக் கண்ணில் படுவது? கலர் டிசைனில் ரெஸ்யூமே செய்து தர 1,500 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? என் ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இரண்டு பத்தியாகப் பிரித்து, பட்டை பட்டையாகக் கலர் போட்ட ரெஸ்யூமேயைக் கம்பெனியின் மென்பொருள் பல நேரம் தப்பாகப் படிக்கிறது. உங்கள் அனுபவம் ஒரு பக்கம், தேதி இன்னொரு பக்கம் என்று சிதறிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, ஒரே பக்கம், பிடிஎஃப். அவ்வளவு போதும்.

உங்கள் ரெஸ்யூமேயின் குறை அதில் இருக்கும் சொற்கள். 'உற்பத்திப் பிரிவில் பணியாற்றினேன், கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை யாரும் எழுதலாம், எழுதுகிறார்கள். படிப்பவருக்கு இதில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை. பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு விவரம் கிடைத்தால்தான் அவர் போனை எடுப்பார்.

ஒன்றரை வருட அனுபவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஃபானக் கன்ட்ரோல் உள்ள 2 டர்னிங் மெஷின்களை ஒரே ஆளாக ஓட்டினேன். ஸ்டீல் ஃபிளேஞ்ச், ஷிப்டுக்கு இத்தனை பீஸ். இன்செர்ட் மாற்றுவது, ஆஃப்செட் திருத்துவது, முதல் பீஸ் பரிசோதனை நானே செய்தேன். புரோகிராம் எழுதவில்லை, திருத்துவேன்.' கன்ட்ரோலின் (மெஷினை இயக்கும் கணினி) பெயரும் எண்ணிக்கையும் உங்கள் மெஷினில் இருந்தபடியே இருக்கட்டும். 'புரோகிராம் எழுதவில்லை' என்ற வரியை வெட்ட வேண்டாம். எல்லை எது என்று சொல்கிறவர் மற்றதையும் உண்மையாகச் சொல்வார் என்ற நம்பிக்கை அந்த ஒரு வரியால் வருகிறது.

இன்னொன்று. '0.02 மி.மீ. டாலரன்ஸை வெர்னியரில் அளந்தேன்' என்று போட்டிருக்கிறீர்கள். கூப்பிட்ட இரண்டு இடத்திலும் இதில்தான் பிடித்திருப்பார்கள் என்பது என் ஊகம். சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுண்டே, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவே, 0.02 மி.மீ. அந்த டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வை) அதை வைத்து முடிவு செய்ய முடியாது. மைக்ரோமீட்டர் வேண்டும், வரிசையாக ஓடும் பாகமென்றால், அளவு சரியா தப்பா என்று மட்டும் காட்டும் ஸ்னாப் கேஜ் வைத்திருப்பார்கள். நீங்கள் எதில் அளந்தீர்களோ நினைவுபடுத்தித் திருத்துங்கள். கூடவே இந்தக் கேள்விக்கும் தயாராக இருங்கள்: 'பீஸ் ஓட ஓட வெளிவிட்டம் கூடிக்கொண்டே போகிறது, ஏன்?' இன்செர்ட் (வெட்டும் துண்டு) முனை தேய்கிறது, அதனால் குறைவாக வெட்டுகிறது, எக்ஸ் ஆஃப்செட்டை (மெஷினில் விட்டத்துக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை) மைனஸில் திருத்த வேண்டும். ஆனால் அளவு சீராகக் கூடாமல் ஏறி இறங்கினால் தேய்மானத்தைச் சந்தேகிப்பதற்கு முன் பீஸைப் பிடிக்கும் ஜாவின் பிடிப்பையும் டூல் ஹோல்டர் போல்ட்டையும் பார்க்க வேண்டும். இதைத் தமிழிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், ஷாப் ஃப்ளோர் வேலைக்கு ஆங்கிலம் தடுமாறுகிறதே என்ற பயம் பாதி குறையும்.

நம் பக்கத்து ஹெச்ஆர் கேட்க நினைத்தும் ரெஸ்யூமேயில் கிடைக்காத விஷயம் ஒன்று உண்டு: காலை 6 மணி ஷிப்டுக்குக் குடியாத்தத்திலிருந்து இந்தப் பையன் எப்படி வந்து சேருவான்? முகவரியைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். 'மூன்று ஷிப்டும் சம்மதம், சொந்த வண்டி உண்டு' என்றோ, 'ராணிப்பேட்டையில் அறை எடுத்துத் தங்கத் தயார்' என்றோ பெயருக்குக் கீழேயே எழுதுங்கள். ஓசூர், ஒரகடம் போகத் தயாரென்றால் அதையும். அப்பா பெயர், மதம், ஆதார் எண், கடைசியில் வரும் உறுதிமொழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைக்கும்.

கான்ட்ராக்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். உங்கள் பிஎஃப் ஒப்பந்ததாரர் பெயரில் கட்டப்பட்டிருக்கும். ரெஸ்யூமேயில் கம்பெனி பெயர் மட்டும் இருந்தால், யுஏஎன் (பிஎஃப் கணக்கு எண்) விவரத்தைப் பார்க்கும்போது பெயர் பொருந்தாது. பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'இன்ன ஒப்பந்ததாரர் மூலம் இன்ன கம்பெனியில்' என்று எழுதுங்கள். பிஎஃப் தளத்தில் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் பார்த்து, அதையே போடுங்கள். விலகிய தேதி ஏறவில்லையென்றால் இப்போதே ஒப்பந்ததாரரிடம் கேட்டு ஏற்றிவிடுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கி வையுங்கள்.

மெயிலை 40 பேருக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரிகிறது. இனி ஒரு கம்பெனிக்கு ஒரு மெயில். அந்த விளம்பரத்தில் கேட்டிருக்கும் வேலையின் பெயரைத் தலைப்பில் அப்படியே போடுங்கள்: 'சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர், டிப்ளமோ, 18 மாதம், உடனே சேரலாம்.' உள்ளே ஐந்து வரி. ஃபைலுக்கு 'நியூ ஃபைனல் 3' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை போன் செய்யலாம். ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்து, காலை 11 மணி வாக்கில்.

கூட வேலை பார்த்தவர்களிடம் 'எங்கயாவது வேலை இருந்தா சொல்லுண்ணா' என்று சொல்லி வைப்பதால் பலன் குறைவு. அந்த அண்ணன் யாரிடம் என்னவென்று சொல்வார்? 'அண்ணா, உங்க மெஷின் ஷாப்ல டர்னிங் ஆபரேட்டர் எடுக்கறாங்களா? ரெண்டு மெஷின் ஓட்டுவேன், செட்டிங் தெரியும், நைட் ஷிப்ட் ஓகே' என்று ரெஸ்யூமேயோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் அதை அப்படியே சூப்பர்வைசருக்குத் தள்ளிவிடலாம். தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பதிவு செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை. முன்பணம் கேட்கும் கன்சல்டன்சிக்குப் போகாதீர்கள், ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

திருத்தியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். வெர்னியர் வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்